வயிற்றில் ஏழு மாதம், கையில் ரிமாண்ட் ஆர்டர்

கேள்வி: தேனி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்கு 26 வயது, ஏழு மாதக் கர்ப்பிணி. மூன்று வாரத்துக்கு முன்னால் இரவு 9 மணிவாக்கில், வீட்டில் 8 கிலோ கஞ்சா இருந்ததாகச் சொல்லி மாப்பிள்ளையையும் அவளையும் கூட்டிப்போனார்கள். இப்போது மதுரை பெண்கள் சிறையில் இருக்கிறாள். இதற்கு முன் அவள் மேல் ஒரு பெட்டி கேஸ்கூட கிடையாது. குற்றப்பத்திரிகை வரட்டும், அப்புறம் பெயில் போடலாம் என்கிறார் வக்கீல். பிரசவத்தில் காலில் சங்கிலி மாட்டுவார்கள், பிறந்த சர்டிபிகேட்டில் ஜெயில் என்று விழும், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அம்மா சாப்பிட்டே நாலு நாள் ஆகிறது. சட்டத்தில் இவளுக்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: தம்பி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஜாமீன்தாரராகக் கோர்ட்டுக்கு வரப்போகிறவர் அவராகத்தான் இருக்கும். கூண்டு பக்கத்தில் மயங்கி விழுந்தால் அன்றைய வேலை கெட்டுவிடும்.

வழி உண்டு. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணி என்றாலே தானாகக் கதவு திறந்துவிடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சட்டத்திலும் தீர்ப்புகளிலும் இருக்கும் பாதுகாப்பு நிஜமாகவே கணிசமானதுதான், ஆனால் அது எல்லாமே யாராவது கேட்டால்தான் அசையும், கேட்பதற்கும் கையில் காகிதம் வேண்டும். வயிறுதான் தெரிகிறதே, ஜட்ஜ் பார்க்காமலா இருப்பார் என்று நினைக்காதீர்கள். ரிமாண்ட் நீட்டிப்பு பெரும்பாலும் வீடியோவில்தான் நடக்கிறது. திரையில் கழுத்துக்கு மேலே மட்டும்தான் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் நான் நடத்திய ஒரு திருட்டு வழக்கில் அந்தப் பெண்ணுக்கு ஆறாம் மாதம். ரிமாண்ட் அறிக்கை நாலு பக்கம். அதில் கர்ப்பம் என்ற சொல்லே இல்லை, உடல்நிலை நன்றாக உள்ளது என்று ஒரே ஒரு வரி. பிணை மனு விசாரணைக்கு வந்தபோது அரசு வழக்கறிஞர் எழுந்து, அப்படி ஒன்றும் எங்கள் ரெக்கார்டில் இல்லையே என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கையிலிருந்த கேஸ் கட்டில் நிஜமாகவே இல்லை. அந்தப் பெண்ணின் மாமியார் கோர்ட் வாசலில் துணிக்கடைக் கவர் ஒன்றை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே தாய் சேய் நல அட்டை, இரண்டு ஸ்கேன், சத்து மாத்திரைச் சீட்டு. காலையிலிருந்து யாரும் அவரிடம் அதைக் கேட்கவே இல்லை. ஓடிப்போய் வாங்கி வந்து நீட்டினேன். நீதிபதி ஸ்கேனைத் திருப்பிப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, பிரசவ தேதி எப்போது என்பது. அதற்குப் பிறகு வழக்கின் போக்கே மாறிவிட்டது.

அதனால் இன்றைக்கே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், தங்கை பதிந்திருக்கும் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண், ஆர்சிஹெச் எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அட்டை, ரத்தப் பரிசோதனை, பிரஷர், சர்க்கரை, க.விலக்கு மெடிக்கல் காலேஜில் எடுத்த ஸ்கேன் ஏதாவது இருந்தால் அது என எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுங்கள். கைதான உடனே போலீஸ் செய்யவேண்டிய மருத்துவப் பரிசோதனை ஒன்று உண்டு, பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 53. பெண் என்றால் பெண் மருத்துவர் பார்க்கவேண்டும் அல்லது அவர் மேற்பார்வையில் நடக்கவேண்டும். அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுத்தாகவேண்டும். உங்களுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். வக்கீலை விட்டு இப்போது கேட்கச் சொல்லுங்கள். அதில் ஏழு மாதம் என்று இருந்தால் நமக்கு ஆதாரம். இல்லையென்றால், ஏன் இல்லை என்பதே நமக்கு ஒரு வாதம்.

அடுத்தது உங்கள் வக்கீல் சொன்னது. குற்றப்பத்திரிகை வரட்டும் என்பது பல வழக்குகளில் நியாயமான யோசனைதான். விசாரணை முடியவில்லை என்று போலீஸ் ஆட்சேபிப்பதற்கு அப்போது இடமிருக்காது. ஆனால் உங்கள் தங்கைக்கு இது பொருந்தாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வாரம் போய்விட்டது. விசாரணைக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு, குற்றத்தின் கனத்தைப் பொறுத்து 60 நாளோ 90 நாளோ. 60 என்றே வைத்தாலும் அதற்குள் எட்டு மாதம் தாண்டிவிடும். அதற்குப் பிறகு மனு போட்டு, நம்பர் ஆகி, அரசுத் தரப்பு பதிலுக்கு அவகாசம் கேட்டு, ஆர்டர் வாங்கி, ஜாமீன்தாரர் சரிபார்ப்பு முடிவதற்குள் இடுப்பு வலி வந்துவிடும். வக்கீலை மாற்றுங்கள் என்று சொல்லவில்லை. இந்தக் கணக்கை அவர் மேசையில் வையுங்கள், அவருக்கே புரியும்.

கஞ்சா கேஸ் என்றதும் பெயிலே கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். போதைப்பொருள் சட்டத்தில் பிரிவு 37 என்று ஒரு கடினமான தடை இருப்பது உண்மை. ஆனால் கஞ்சாவைப் பொறுத்தவரை அது வணிக அளவுக்குத்தான், அதாவது 20 கிலோவுக்கு மேல் போனால்தான். 1 கிலோ வரை சிறிய அளவு. உங்கள் வழக்கில் சொல்லப்படுவது 8 கிலோ, இரண்டுக்கும் இடைப்பட்டது. அதிகபட்சத் தண்டனை 10 வருடம் என்பதால் லேசான வழக்கு என்று சொல்லமாட்டேன், ஆனால் பிரிவு 37இன் பூட்டு இதற்குக் கிடையாது, வழக்கமான பிணைக் கோட்பாடுகள்படிதான் கோர்ட் பார்க்கும். மனு போகவேண்டியது மதுரையிலுள்ள போதைப்பொருள் தடுப்புச் சட்டச் சிறப்பு நீதிமன்றத்துக்கு. அங்கே கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றக் கிளை.

மனுவில் என்ன இருக்கவேண்டும்? பிஎன்எஸ்எஸ் பிரிவு 480இல் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 437. மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றமாக இருந்தாலும், குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணாகவோ நோயாளியாகவோ குழந்தையாகவோ இருந்தால் கோர்ட் பிணை தரலாம் என்கிறது அது. இது மாஜிஸ்திரேட்டுக்கு மட்டும்தானே என்று ஒரு வாதம் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. 2022இல் சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம், செஷன்ஸ் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும்கூட இதை மனதில் வைத்தே பிணையைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆயுள் தண்டனை வழக்கிலேயே இந்தச் சலுகை உண்டு என்றால் உங்கள் தங்கைக்கு ஏன் இல்லை என்று கேட்கவேண்டும்.

அதோடு கர்ப்பத்தை மையமாக வைத்தே வந்த உத்தரவுகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம், கர்ப்பம் என்பதே தனியாகக் கணக்கில் எடுக்கவேண்டிய சூழ்நிலை, சிறைக்குள் பிள்ளை பெறுவது தாயை மட்டுமல்ல பிள்ளையையும் பாதிக்கும் என்று சொல்லி இடைக்காலப் பிணை தந்தது. 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ஒரு கர்ப்பிணிக்குப் பிரசவத்துக்காக ஆறு மாதம் தற்காலிகப் பிணை கொடுத்தது, அதுவும் போதைப்பொருள் வழக்கில். உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு கிடைக்காது. வேறு மாநில உயர் நீதிமன்ற உத்தரவு நம் கோர்ட்டைக் கட்டாது, ஆனால் தூக்கி நிறுத்தும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதும் தெரிந்திருக்கட்டும். 2020 ஏப்ரலில் டெல்லியில் கைதான மாணவி சஃபூரா சர்கார் வழக்கு ஞாபகம் இருக்கலாம். யுஏபிஏ என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்ட வழக்கு, அதைவிடக் கடினமான சட்டம் அதிகம் கிடையாது. பிணையை எதிர்த்த டெல்லி போலீஸ், கடந்த பத்து ஆண்டுகளில் டெல்லிச் சிறைகளில் 39 பிரசவங்கள் நடந்திருக்கின்றன, ஆகவே இவர் கர்ப்பிணி என்பது ஒன்றும் விசேஷமில்லை என்ற மாதிரி எழுதிக் கொடுத்தது. 39 பேருக்கு நடந்ததால் நாற்பதாவது ஆளுக்கும் நடக்கலாம் என்பது என்ன நியாயமோ. கடைசியில் ஜூன் 23 அன்று மனிதாபிமான அடிப்படையில் ஆட்சேபணை இல்லை என்று அரசுத் தரப்பே சொல்ல, உயர் நீதிமன்றம் பிணை தந்தது. அப்போது அவருக்கு 23 வாரம். சிறையிலேயே டாக்டர் இருக்கிறார், வசதி இருக்கிறது என்று உங்கள் வழக்கிலும் சொல்வார்கள். சிறையில் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, வெளியே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்போது உள்ளே வைத்தே ஆகவேண்டிய அவசியம் என்ன என்றுதான் பதிலுக்குக் கேட்கவேண்டும்.

இப்படிக் கேட்க பலம் கொடுப்பது 2006 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஆர்.டி. உபாத்யாய் தீர்ப்பு. சிறையில் இருக்கும் தாய், பிள்ளை விஷயத்தில் நாடு முழுவதற்கும் அதுதான் அடிப்படை. கர்ப்பிணியை ஒரு சிறைக்கு அனுப்பும் முன்பே அங்கே பிரசவத்துக்கும் முன்பின் கவனிப்புக்கும் குறைந்தபட்ச வசதி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ பெண் மருத்துவர் கண்காணிப்பாளருக்கு அறிக்கை தரவேண்டும், மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பி எத்தனை மாதம், பிரசவ தேதி எது என்று குறிக்கவேண்டும். பிரசவம் கூடியவரை சிறைக்கு வெளியே நடக்கவேண்டும், அதற்காகத் தற்காலிகமாக விடுவிக்க ஏற்பாடு செய்யவேண்டும், பாதுகாப்புக்குப் பெரிய ஆபத்து என்கிற அபூர்வமான ஆட்களுக்கு மட்டும்தான் மறுக்கலாம். முதல் வழக்கில் மாட்டிய 26 வயதுப் பெண் அந்த அபூர்வமான ஆள் இல்லை.

யாராவது பரோல் போடலாம் என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள், காசு போய்விடும். தமிழ்நாட்டில் அந்த விடுப்பு 1982ஆம் வருடத்துத் தண்டனை நிறுத்த விதிகளின்படி தண்டனைக் கைதிகளுக்குத் தருவது. உங்கள் தங்கை விசாரணைக் கைதி, அவருக்குப் பிணைதான் வழி.

இரவு 9 மணிக்குக் கூட்டிப்போனது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஊர் வக்கீல்கள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்வதென்றால் அசாதாரணச் சூழ்நிலை இருக்கவேண்டும், பெண் போலீஸ் எழுத்து மூலம் மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்கவேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் பிரிவு 43. ஆனால் இதே விதியைப் பற்றி 2025 பிப்ரவரியில் நம் மதுரைக் கிளையே, மீறினால் கைது செல்லாது என்கிற அளவுக்குக் கட்டாய விதி அல்ல, அதிகாரி காரணம் சொல்லவேண்டும் என்று தீர்ப்பளித்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான், அது வேறு விஷயம். மனுவில் ஒரு பத்தியாக இருக்கட்டும், அதை மட்டும் நம்பி இறங்கவேண்டாம்.

சரி, ஊரார் சொன்ன மூன்று பயத்துக்கு வருகிறேன்.

சங்கிலி. கைவிலங்கே விதிவிலக்காகத்தான் இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் சொன்னது, 1995இல் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் கூடாது என்று இன்னும் இறுக்கியது. புதிய பிஎன்எஸ்எஸ் பிரிவு 43இல் சில குற்றங்களுக்கு விலங்கு போடலாம் என்று எழுதியிருக்கிறார்கள், அந்தப் பட்டியலில் போதைப்பொருளும் இருக்கிறது. யாராவது அதைக் காட்டினால், அந்தப் பிரிவை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். கைது செய்யும்போதும் கோர்ட்டில் ஆஜர்படுத்தும்போதும் என்றுதான் இருக்கிறது, பிரசவ அறை என்று இல்லை. வலி எடுத்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்ற கையோடு படுத்திருப்பவளுக்கும் எந்தக் கட்டும் கூடாது என்று 2010இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகளில் 24ஆவது விதி நேராகவே சொல்கிறது. கர்ப்பிணிக்கு விலங்கு கூடாது என்று அப்படி நேராகச் சொல்லும் ஒரு வரி பிஎன்எஸ்எஸ்-இல் இல்லை என்பதால், பயமாக இருந்தால் முன்கூட்டியே ஒரு மனு போட்டு, ஆஸ்பத்திரியில் விலங்கு கூடாது, காவலுக்குப் பெண் போலீஸ்தான் நிற்கவேண்டும் என்று உத்தரவு வாங்கிவிடலாம்.

பிறப்புச் சான்றிதழ். இந்தப் பயம் தேவையே இல்லை. சிறைக்குள்ளேயே பிறந்தாலும் சிறை என்று எழுதக்கூடாது, அந்தப் பகுதியின் முகவரிதான் எழுதவேண்டும் என்று உபாத்யாய் தீர்ப்பிலேயே இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் பிறந்தால் ஆஸ்பத்திரிதான் பிறந்த இடம், பதிவுக்குத் தகவல் தரவேண்டியதும் ஆஸ்பத்திரிதான். அந்தப் பதிவுக்கும் பிக்மி எண் கேட்பார்கள், அதற்காகவும்தான் அதை முதலில் எடுக்கச் சொன்னேன். பெயர் வைக்க அவசரமில்லை, ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

பிள்ளையைப் பிடுங்குவது. யாரும் பிடுங்க முடியாது. ஆறு வயது வரை பிள்ளை தாயோடு இருக்கலாம். அது கைதி அல்ல, அதற்குத் தனியாக உணவு, தடுப்பூசி, மருத்துவம் எல்லாம் தரவேண்டும். நீங்கள் வெளியே வளர்க்க விரும்பினாலும் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள்.

பெயில் வரும்வரை உள்ளே அவர் எப்படி இருக்கிறார் என்பதையும் கவனிக்கவேண்டும். மனு பார்க்க, அதாவது சிறையில் அவரைச் சந்திக்கப் போகும்போது அழுதுவிட்டு வராமல் நாலு விஷயம் கேளுங்கள்: கடைசியாக எந்தத் தேதியில் செக்கப், ரத்தம் எவ்வளவு சொன்னார்கள், மாத்திரை தினமும் வருகிறதா, பிள்ளை அசைகிறதா. வழிக்காவலுக்குப் போலீஸ் வரவில்லை என்று செக்கப் தள்ளிப்போவது சாதாரணமாக நடக்கிறது. அப்படித் தவறியிருந்தால் அன்றைக்கே கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதுங்கள், நகலில் சீல் வாங்குங்கள், வாங்க மறுத்தால் ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபால். இன்னொரு நகல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு. பெண் என்றாலும் காவலில் இருப்பவர் என்றாலும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருடச் சட்டம். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். செலவுக்குத் தயங்கித்தான் உங்கள் வக்கீல் தள்ளிப்போடுகிறார் என்றால் இதை யோசியுங்கள்.

பெயில் கிடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது, நிபந்தனை. நம் பக்கத்தில் கைபோன போக்கில் விழும் வரி, தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் ஆஜராகிக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது. ஒன்பதாம் மாதத்தில் பஸ் ஏறிப் போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார முடியுமா? ஆர்டர் வந்த பிறகு தளர்த்தக் கேட்டு இன்னொரு மனு போடுவதைவிட, முதல் மனுவிலேயே பிரசவ தேதியைக் காட்டி, கையெழுத்து வேண்டாம் அல்லது பிரசவத்துக்கு மூன்று மாதம் கழித்து என்று கேட்கச் சொல்லுங்கள். ஜாமீன்தாரர்கள் இரண்டு பேரையும் இப்போதே பேசி வையுங்கள், ஆதார், வீட்டு வரி ரசீது, விஏஓ சான்று எல்லாம் தயாராக. ஆர்டர் கையில் இருந்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் ஏழு நாள் உள்ளேயே கிடந்தால் சிறை நிர்வாகம் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நமக்கு அந்த ஏழு நாள்கூட அதிகம்.

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த ஸ்கேன் நகலில் ஒன்று கவனித்தேன். அதில் தங்கை பெயருக்குப் பின்னால் கணவர் பெயர், எஃப்ஐஆர் நகலில் அப்பா பெயர், வயதும் ஒன்றில் 26, இன்னொன்றில் 24. இந்த ஸ்கேன் வேறு யாருடையதோ என்று அரசு வழக்கறிஞர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சரிபார்க்க என்று ஒரு வாரம் தள்ளிவிடும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அம்மா பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம், கூடவே தங்கையின் ஆதார் நகல். திங்கட்கிழமை காலையிலேயே அதை முடித்துவிடுங்கள்.